வராத ஐந்தாவது கார்டு

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

எனக்கு வயது 53. பொதுத்துறை வங்கி ஒன்றில் சீஃப் மேனேஜர், ஸ்கேல் நான்கு. 1994-ல் பி.எஸ்.ஆர்.பி. என்ற வங்கிப் பணித் தேர்வு எழுதி கிளார்க்காகச் சேர்ந்தவள். அடுத்த படியான ஏ.ஜி.எம். (அசிஸ்டென்ட் ஜெனரல் மேனேஜர்) பதவிக்கு மூன்று முறை இன்டர்வியூ போய்விட்டேன். மூன்றாவது ரிசல்ட் இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்தது. என் பெயர் இல்லை. என்னோடு ஆபீசர் ஆன பேட்சில் இரண்டு பேர் பெயர் இருக்கிறது. என் அப்பா கூட்டுறவு சங்கத்தில் 31 வருடம் பியூனாக இருந்தவர். போன வருடம் காலமானார். மகள் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். கணவர், "போனால் போகிறது, விடு" என்கிறார். என்னால் விட முடியவில்லை. இத்தனை வருடம் ஓடியும் ஒன்றும் ஆகாமல் போய்விட்டேனே என்று இருக்கிறது. வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்துவிடட்டுமா? இனி எதற்காகத் தினமும் கிளம்பி ஆபீஸ் போவது?

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறு பக்கம் கையால் எழுதியிருக்கிறீர்கள். முதல் நாலு பக்கமும் நெருக்கமான எழுத்து. பேனாவை அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது. ஐந்தாம் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. எழுத்து இளகி, கொஞ்சம் பெரிதாகி, வரி மேல்நோக்கிச் சாய்ந்து ஓடுகிறது. அந்தப் பத்தியைப் பிறகு எடுக்கிறேன். அதற்கு முன்னால் தள்ளிப்போடக் கூடாத இரண்டு விஷயம்.

வி.ஆர்.எஸ். இப்போது வேண்டாம். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆறு மாதத்துக்கு அந்தக் காகிதத்தைத் தொடாதீர்கள் என்கிறேன். பென்ஷன் கணக்கு, கமுட்டேஷன் கணக்கு எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் இன்றைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது வேலையை விடுவது ஆகாது. அந்த ரிசல்டுக்குப் பதில் சொல்வதாகத்தான் இருக்கும். கோபம் ஆறிய பிறகும் விட வேண்டும் என்றே தோன்றினால் அப்போது தாராளமாக விடலாம்.

இரண்டாவது, உடம்பு. இரண்டு மாதமாக விடிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த சீரியல்கூடப் பார்க்கத் தோன்றவில்லை என்று நடுவில் இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அந்த இரண்டு வரி முக்கியம். மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படியே இருந்தால் அதை நாங்கள் வெறும் வருத்தம் என்று விடுவதில்லை. மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். தவிர, உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் தூக்கத்தைக் கெடுக்கும். தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றும் பார்த்துவிடுங்கள். மனநல மருத்துவர் ஒருவரை இந்த வாரத்திலேயே பாருங்கள். இன்னொன்றையும் நேராகவே கேட்கிறேன்: "இருந்து என்ன ஆகப்போகிறது" என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? வந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மூன்றரை மணிக்குத் தனியாக விழித்துக் கிடக்கிறவர் கையில் அந்த எண் இருக்க வேண்டும்.

சரி, இனி உங்கள் கேள்வி.

ரிசல்ட் வந்த சாயங்காலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்தது. கேபின் கதவைச் சாத்திவிட்டு மேலிருந்து கீழே மூன்று முறை தேடினீர்கள். பெயர் வரிசையில் இல்லை என்றதும் ஸ்டாஃப் நம்பரை வைத்துத் தேடினீர்கள், ஒருவேளை பெயரைத் தப்பாக அடித்திருப்பார்களோ என்று. அப்புறம் குரூப்பில் இரண்டு பேருக்கும் "வாழ்த்துகள்" என்று போட்டுவிட்டு, வாசலில் காத்திருந்த நகைக்கடன் வாடிக்கையாளரை உள்ளே கூப்பிட்டீர்கள். அன்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில்தான் கணவருக்குத் தெரியும்.

இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். ஒரு மருத்துவமனையில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன், துறைப் பொறுப்பு எனக்குத்தான் என்று நானும் நினைத்தேன், சுற்றி இருந்தவர்களும் நினைத்தார்கள். வேறொருவருக்குப் போனது. அந்த அறை வாசலில் புதுப் பெயர்ப்பலகையைப் பார்க்கப் பிடிக்காமல் ஒரு வருடம் பின்பக்கப் படி வழியாகவே ஏறி இறங்கினேன். அதனால் "பதவியில் என்ன இருக்கிறது" என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். 31 வருடம் உழைத்தவருக்கு அதில் நிறைய இருக்கிறது. உங்கள் கணவர் அன்பாகத்தான் "விடு" என்கிறார். ஆனால் துக்கத்தை முழுசாக விசாரிக்காமல் விடச் சொன்னால் யாராலும் விட முடியாது. ஒரு நாள் அவரை உட்கார வைத்து, பதில் சொல்லாமல் அரை மணி நேரம் கேட்கச் சொல்லுங்கள். மூன்று இன்டர்வியூவையும் முதலிலிருந்து சொல்லுங்கள். மகள் பிளஸ் டூ படித்த வருடம், வட மாநிலத்துக்குப் போடுவார்களே என்று பயந்து ப்ரமோஷனுக்கு விண்ணப்பிக்காமல் இருந்ததையும் சொல்லுங்கள். "அந்த ஒரு வருடம்தான் என்னைப் பின்னால் தள்ளியது, ஆனால் அதைச் சொன்னால் மகளைக் குறை சொல்வதாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது மகள் தப்பும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை. ப்ரமோஷன் என்றால் பெட்டி கட்ட வேண்டும் என்று இருக்கிற இடத்தில் ஆண்களுக்கு ஒரு விலை, பெண்களுக்கு இன்னொரு விலை. அந்த விலையைக் கொடுத்த உங்கள் பேட்சுப் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் திறமைக்குப் போட்ட மார்க்காக அந்தப் பட்டியலைப் படிக்காதீர்கள்.

இன்னொரு வரி: "அது மட்டும் கிடைத்திருந்தால் அப்புறம் எதுவுமே கேட்டிருக்க மாட்டேன்." இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 2018-ல் சீஃப் மேனேஜர் ஆனீர்கள். அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் நின்றது? ஞாபகப்படுத்திப் பாருங்கள். அமெரிக்காவில் பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் அவர் தோழர்களும் 1978-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய லாட்டரிப் பரிசு விழுந்த 22 பேரையும் பரிசு விழாத 22 பேரையும் ஒப்பிட்டார்கள். சந்தோஷத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு மாதிரி அன்றாடச் சின்னச் சின்ன இன்பங்கள் பரிசு விழுந்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தே போயிருந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் 22 வருடமாக என் எதிரே வந்து உட்காருகிறவர்களிடம் நானும் இதையேதான் பார்க்கிறேன். ஏ.ஜி.எம். ஆனவர்களும் வருகிறார்கள். அவர்கள் அதற்கும் அடுத்த படியான டி.ஜி.எம். பட்டியலைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பட்டியலில் உங்கள் பெயர் இருந்திருந்தால் முதல் போன் யாருக்குப் போட்டிருப்பீர்கள்?

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரில் உங்கள் விசிட்டிங் கார்டு நாலு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபீசர், மேனேஜர், சீனியர் மேனேஜர், சீஃப் மேனேஜர். ஸ்கேல் வாரியாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாராம். "ஐந்தாவது கார்டை அவருக்குக் கொடுக்க முடியாமலே போய்விட்டது" என்று எழுதி, அந்த வரியை அடித்து, மறுபடியும் அதையே எழுதியிருக்கிறீர்கள்.

சகோதரி, உங்களுக்கு இரண்டு சாவு ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. அப்பா போய் ஒரு வருடம்தான் ஆகிறது. காரியம் முடிந்த நாலாம் நாள் இயர் எண்டிங் வேலைக்குத் திரும்பியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவருக்காக நீங்கள் உட்கார்ந்து அழவே இல்லை. இப்போது ப்ரமோஷனுக்காக அழுகிறீர்கள். அழுகிறதில் பாதிக்கு மேல் அவருக்கானது என்றே எனக்குத் தோன்றுகிறது. பதவி வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம் அதைப் போய்ச் சொல்ல ஒருவர் இருந்தார். இனி அடுத்த பட்டியலில் பெயர் வந்தாலும் அந்த போனை எடுக்க ஆள் இல்லை. "இனி எதற்காக ஆபீஸ் போவது" என்ற கேள்வி அங்கேயிருந்துதான் வருகிறது.

அப்பாவைப் பற்றி இன்னொன்று கேட்க வேண்டும். 31 வருடம் பியூன். ஒரு ப்ரமோஷன்கூட இல்லை. அவரை ஒரு நாளாவது தோற்றுப்போனவர் என்று நினைத்தீர்களா?

இல்லை. நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: வேலை முடிந்து வந்ததும் கால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்காருவார். எழுதப் படிக்கத் தெரியாத சனம் காத்திருக்கும். பயிர்க்கடன் விண்ணப்பம், தாசில்தாருக்கு மனு, முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போடுவது, எல்லாம் அவர்தான். காசு வாங்க மாட்டார். கார்பன் தாள் வைத்து எழுதி, நகலை மடித்து அவர்கள் மடியில் திணித்து, "இதைத் தொலைச்சிராத ஆத்தா" என்பார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மை உறிஞ்சும் தாள் வைத்து ஒற்றிக் கொடுப்பீர்கள். இந்த மனிதரை நீங்கள் எந்த அளவுகோலால் அளந்தீர்களோ, அதே கோலை உங்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

அந்த ஐந்தாம் பக்கத்துப் பத்தியை இப்போது எடுக்கிறேன். வேறு எதையோ சொல்லிக்கொண்டு வந்து, நடுவில் "இது சம்பந்தமில்லாதது, ஆனாலும்" என்று தொடங்குகிறீர்கள். 2017. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளை. நீங்கள் மேனேஜர் சீட்டில் இருக்கிறீர்கள். ஓர் அம்மாள், கணவர் லாரி மோதிச் செத்துப் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அவருடைய பாஸ்புக்கோடு வந்து நிற்கிறார். கணக்கில் இருந்த 1,840 ரூபாயை எடுத்துக்கொண்டு கணக்கை மூட வேண்டும். நீங்கள் பாஸ்புக்கைப் புரட்டுகிறீர்கள். மே மாதக் கடைசியில் ஒரு 12 ரூபாய் பற்று. முந்தைய மே மாதமும் அதே 12 ரூபாய்.

வங்கியில் இருப்பவருக்கு அது என்ன என்று தெரியும். 2015-ல் வந்த பிரதமர் விபத்துக் காப்பீட்டின் ஒரு வருடப் பிரீமியம் அப்போது 12 ரூபாய், இப்போது 20. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். மேளா போட்டு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கியபோது அவரும் போட்டிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை, ஒருவேளை அவருக்கே மறந்திருக்கும். கணக்கை மூடி 1,840 ரூபாயைக் கையில் கொடுத்திருந்தால் அன்றோடு அந்தக் காரியம் முடிந்திருக்கும், யாரும் உங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் மூடவில்லை. எஃப்.ஐ.ஆர். நகலுக்கும் பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கும் நீங்களே ஸ்டேஷனுக்குப் போன் போட்டீர்கள். கிளெய்ம் ஃபாரத்தை நிரப்பினீர்கள். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், இரண்டு முறையும் சரி செய்து அனுப்பினீர்கள். 2 லட்சம் அந்த அம்மாள் கணக்கில் ஏறியது. மறுவாரம் மஞ்சப்பை நிறைய முருங்கைக்காயோடு கேபின் வாசலில் வந்து நின்றார். அன்று கிளை முழுக்க முருங்கைக்காய் வாசனை, டீ கொண்டுவந்த பையனுக்கும் நாலு காய்.

இது "சம்பந்தமில்லாதது" இல்லை. திண்ணையில் அப்பா செய்ததைத்தான் நீங்கள் கேபினில் உட்கார்ந்து செய்திருக்கிறீர்கள். அவர் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது இது. அதை வைத்துக்கொண்டே, அப்பாவுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டதே என்று அழுகிறீர்கள்.

மனித வளர்ச்சியைப் பற்றி எழுதிய எரிக் எரிக்சன், நாற்பதிலிருந்து அறுபத்தைந்து வரையான வயதுக்கு ஒரு வேலை இருக்கிறது என்றார்: தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக எதையாவது வளர்ப்பது. அது நடக்காவிட்டால் ஆள் தன்னுள்ளேயே தேங்கிப் போகிறார். நான் பார்த்த வரையில், இந்த வயதில் வரும் தவிப்பில் பெரும்பகுதி மேலே ஏறாததால் வருவதில்லை. கையில் இருப்பதைக் கொடுக்க இடம் தெரியாததால் வருகிறது.

உங்களுக்கு இடம் இருக்கிறது, அதே கேபின்தான். ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-ல் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி எழுதினார்கள். வேலையும் சம்பளமும் ஒன்றுதான். ஆனால் சிலர் தரையைத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள், சிலர் நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்து, யாரும் சொல்லாமலே அதற்கேற்ற காரியங்களைச் செய்தார்கள். பின்னவர்களுக்கு அதே வேலை வேறு வேலையாக இருந்தது.

டார்கெட், வாராக்கடன் (என்.பி.ஏ.), ரிவ்யூ மீட்டிங் எல்லாம் உங்களை விட்டுப் போகாது, தெரியும். வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் கேட்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள்: "இறந்தவர் கணக்கு, நாமினி, காப்பீடு பற்றிய சந்தேகங்களுக்கு மேனேஜரைப் பார்க்கலாம்." பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட்டுகள் 2014-லிருந்து ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போகின்றன என்பதும், வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் வங்கி வழியாக அதைத் திரும்பக் கேட்கலாம் என்பதும், தேடுவதற்கு 2023 முதல் உத்கம் என்று ஓர் இணையதளம் இருப்பதும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கியூவில் நிற்கிற பாட்டிக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. பக்கத்தில் ஓர் இளம் ஆபீசரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். 12 ரூபாயை அன்று உங்களால் பார்க்க முடிந்ததே, அந்தக் கண்ணை அவருக்குக் கொடுங்கள். இன்னும் ஏழு வருட சர்வீஸ் இருக்கிறது, அது கொஞ்ச காலம் இல்லை. ஓய்வுக்குப் பிறகு ஊருக்குப் போய் அந்தத் திண்ணையில் உட்காருவீர்களா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

மகள் விஷயம். "அம்மா, நீ போன் பண்ணினாலே ஹைக் பத்திதான் கேக்கறே" என்று அவள் சொன்னதைக் கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கோபப்படாதீர்கள். அப்பா உங்கள் கார்டை அடுக்கி வைத்தார், நீங்கள் அவள் அப்ரைசலை அடுக்குகிறீர்கள். இரண்டும் பிரியம்தான். ஆனால் அப்பா உங்களிடம், "போன மாசம் எத்தனை டெபாசிட் பிடிச்சே" என்று ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார். அடுத்த ஞாயிறு அவளிடம் வேறு ஏதாவது கேளுங்கள். சாப்பாடு, அறைத்தோழி, அங்கே மழை பெய்கிறதா, எதுவானாலும் சரி. முடிந்தால் முருங்கைக்காய் அம்மாள் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன்.

ப்ரமோஷன் வாங்கிய தோழி கொடுக்கும் டிரீட்டுக்குப் போகவா வேண்டாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால், "உனக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம், எனக்குக் கிடைக்காததில் இன்னும் வலிக்கிறது, அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறேன்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். இருபது வருடத்துக்கு மேல் கூட வேலை பார்த்தவர் புரிந்துகொள்வார்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதில் ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். முருங்கைக்காய் வந்த அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னீர்களா? என்ன சொன்னார்?

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்